சித்தி வீட்டுச் செவலை

எங்கள் பக்கத்தில் கோழி எதுவும் தானாகச் சாவதில்லை. சீக்கு வந்து சாகும். பூச்சி (பாம்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தொட்டுச் சாகும். இரண்டும் இல்லையென்றால் யாரோ மருந்து வைத்ததால் சாகும். நாலாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாரும் யோசித்ததில்லை. யோசிக்க நேரமும் இருந்ததில்லை. செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக் கண்மாய்க் கரையில் வீசிவிட்டு வந்து, யாரைத் திட்ட வேண்டுமோ அவரைத் திட்டிவிட்டு, பெண்கள் களையெடுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அப்பத்தா வீட்டில் விடிந்ததும் நடக்கிற முதல் காரியம் பஞ்சாரத்தைத் தூக்குவதுதான். ஒவ்வொரு பெட்டையாக எடுத்து இடுக்கிக்கொண்டு, வாலைத் தூக்கி, விரலை விட்டுப் பார்ப்பாள். முட்டை இருக்கிற கோழி திரும்பவும் பஞ்சாரத்துக்குள் போகும். மற்றவை வெளியே போகலாம். முட்டையோடு வெளியே விட்டால் அடுத்த வீட்டு வைக்கோல் படப்பில் இட்டுவிட்டு வந்துவிடும் என்பது அவள் கணக்கு. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "இந்தா, இவ பொழுதேற இட்ருவா" என்பாள். பொழுதேறும்போது கோழி கொக்கரிக்கும். அந்த விரல் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

முட்டைக் காசு அப்பத்தாவின் சிறுவாடு. கடுகு டப்பாவுக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்று தாத்தா கேட்கக்கூடாது. எங்கள் குலசாமி கோயில் செலவு, என் ஜாமெண்ட்ரி பாக்ஸ், ஒரு வருஷம் சித்தப்பாவின் பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்த டப்பாவிலிருந்து வந்தவைதான். கோழி என்பது ஒரு வீட்டில் பெண்ணின் பேரில் இருக்கிற ஒரே சொத்தாக இருந்த காலம் அது. எங்கள் ஊரில் பல வீடுகளில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரு கோழி செத்தால் ஆம்பிளைகளுக்குப் பெரிதாகத் தெரியாது. பொம்பிளைகள் தெருவில் இறங்கிவிடுவார்கள்.

நான் ஆறோ ஏழோ படித்தபோது ஒரு மாசி மாசம் எங்கள் தெருவே கோழி இல்லாமல் போனது. முதலில் அப்பத்தாவின் கருப்புப் பெட்டை இறக்கையைத் தொங்கவிட்டு உம்மென்று நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. இன்னொன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. அது அப்படியே வட்டம் சுற்றியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அப்பத்தா சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், சீரகம் எல்லாம் தட்டி உருட்டி ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து ஊட்டினாள். ஒரு வாரத்தில் பஞ்சாரம் காலி. மிஞ்சிய ஒரு சேவலையும் இரண்டு வெடைகளையும் "அங்கிட்டாவது பொழைக்கட்டும்" என்று மூங்கில் கூடையில் வைத்து அத்தை ஊருக்கு அனுப்பினாள். அந்த மாசம் முடிவதற்குள் அத்தை தெருவிலும் கோழி இல்லை.

அந்தச் சாவுக்கு நாங்கள் மாசி வெயிலைக் காரணம் சொன்னோம். சிலர் அம்மனைச் சொன்னார்கள். கூடையில் போன அந்த மூன்று கோழிகளை யாரும் சொல்லவில்லை.

அந்த நோய்தான் வெள்ளைக் கழிச்சல். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அதே சமயத்தில் ஜாவாத் தீவிலும் அதைக் கண்டறிந்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவோன் மலையிலிருக்கிற இராணிக்கெட்டில் அது கண்டறியப்பட, இந்தியாவில் அந்த ஊர்ப்பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. காற்றிலும் எச்சத்திலும் தண்ணீரிலும் மனிதர்களின் செருப்பிலும் பரவுகிற வைரஸ் அது. வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுக்கலாம். 1940களில் அதே குமாவோன் மலையின் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பூசிக்கான வைரஸ் வகையைப் பக்குவப்படுத்தினார்கள். 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிற தடுப்பூசிதான் நம் ஊர் மருந்தகங்களுக்கு வருகிறது. குஞ்சாக இருக்கும்போது கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஓர் ஊசி. பெரும்பாலும் பிப்ரவரி மாசத்தில், அதாவது மாசிக்குச் சற்று முன்னால், கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. அப்பத்தாவின் கருப்புப் பெட்டைக்கு அந்த ஊசி எட்டவில்லை. எட்டியிருந்தால் இரண்டு தெரு பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் மனம் ஆறமாட்டேன் என்கிறது.

அப்பத்தா போன பிறகு பஞ்சாரம் சித்தி கைக்கு வந்தது. சித்திக்கு நாட்டுக்கோழியில் திருப்தி இல்லை. நாட்டுப்பெட்டை வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டை இடும். அதிலும் பாதி நாள் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா என்ற இனம் இருநூறுக்கு மேல் இடும் என்று யாரோ சொல்ல, பத்துக் குஞ்சு வாங்கி வந்தாள். ஊசியெல்லாம் தவறாமல் போட்டாள். அந்தக் கூட்டத்தில் ஒரு செவலை இருந்தது. கொண்டை நல்ல சிவப்பு, உடம்பு கனம், சித்தி சமையற்கட்டுப் பக்கம் போனாலே பின்னால் போகும். முட்டையிடுவதில் அதுதான் முந்தி.

பக்கத்து வீட்டு மாமா கத்தரி போட்டிருந்தார். கோழி எங்கே கிளறும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்று ஊன்றிய வாரத்திலேயே பாத்தி முழுக்கக் குழி. ஒருநாள் வேலியோரம் நின்று, "இனிமே கோழி இங்கிட்டு வந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி அன்றைக்கே சித்தப்பாவிடம் சொல்லிக் கொல்லையில் கம்பிவலைக் கூண்டு அடித்தாள். அதற்கப்புறம் கோழிகளுக்குக் கொல்லையும் இல்லை, குப்பைமேடும் இல்லை. பாவம், அடைத்துப் போட்டிருக்கிறோமே என்று வேளாவேளைக்குக் குருணை அரிசி, மக்காச்சோளம், மிஞ்சிய சோறு என்று அள்ளி அள்ளிப் போட்டாள்.

ஒரு சித்திரை மாசக் காலையில் செவலை கூண்டுக்குள் முட்டையிடும் மூலையில் குப்புற விழுந்து கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் தின்றது, கொக்கரித்தது. சீக்குக்கான அடையாளம் ஒன்றுமில்லை. மற்ற ஒன்பதும் சுறுசுறுப்பாக நின்றன. சித்தப்பா இறகை விலக்கி விலக்கிப் பல் பட்ட இடம் தேடினார். பூச்சியும் இல்லை. மிச்சம் இருந்தது மூன்றாவது காரணம். அந்த வாரம்தான் மாமா கத்தரிக்குக் குருணை மருந்து வாங்கி வந்ததை சித்தி பார்த்திருந்தாள்.

நான் அப்போது ஊரில் இருந்தேன். சித்தி தெருவில் இறங்கி நின்று பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. "வாயில்லாச் சீவனுக்கு வெசம் வச்சவன் வீடு வெளங்குமா" என்று தொடங்கியது. மாமா முதலில், "யாத்தே, நான் எதுவும் செய்யலைம்மா, எம்புள்ள மேல சத்தியம்" என்றார். சத்தியம் எடுபடவில்லை. பிறகு அவர் மனைவியும் இறங்கினார். இரண்டு தலைமுறைக்கு முந்தின வரப்புத் தகராறு, ஒரு கல்யாணத்தில் பந்தியில் கூப்பிடாமல் விட்டது என்று எங்கெங்கோ போய்க் கடைசியில் சித்தி குனிந்து மண்ணை வாரினாள். மண்ணை வாரித் தூற்றிய பிறகு எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது. நல்லது கெட்டதுக்குக்கூட வாசல் மிதிக்கமாட்டார்கள்.

எனக்கு மனசில் ஓடியதெல்லாம் அப்பத்தாவின் மூங்கில் கூடைதான். காரணம் தெரியாமலே ஒரு சாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனோம். இப்போது காரணம் தெரியாமலே ஒரு குற்றத்தைத் தூக்கி அடுத்த வீட்டின் மேல் வைக்கிறோம். செவலையை வீச விடமாட்டேன் என்று வாங்கிக்கொண்டேன். பாலித்தீன் பை இரண்டு போட்டு முடிந்து, பெட்டிக்கடையில் ஐஸ் வாங்கி உரச்சாக்கில் சுற்றிலும் வைத்து, சித்தப்பா வண்டியில் சிவகங்கைப் பக்கம் கிளம்பினோம். என்ன நினைத்தாளோ, சித்தியும் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். "வெசம்னு எழுதி வாங்கிட்டு வரணும்" என்றாள்.

கால்நடை டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை கோழி செத்துச்சு?" என்பதுதான். ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே சாக்கைப் பிரிக்கச் சொன்னார். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பின், கூட்டமாகச் செத்த கோழியை யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை என்றார். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, செவலையைச் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்தார். இறகும் தூசியும் பறக்காமல் இருக்க அது. மேசையில் மல்லாக்கப் போட்டு, இரண்டு தொடையையும் வெளிப்பக்கம் மடக்கி மூட்டைக் கழற்ற, கோழி அசையாமல் தட்டையாகப் படுத்துக்கொண்டது.

"கொண்டையைப் பாருங்க" என்றார். அத்தனை சிவப்பாக இருந்த கொண்டை வெளுத்துக் கிடந்தது. காலையில் அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பல் பட்ட இடம் தேடியவர்கள் கொண்டையைப் பார்க்கவில்லை.

கழுத்தடி இரைப்பையைத்தான் முதலில் அறுத்தார். சித்தியின் கண் அதன்மேலேயே இருந்தது. ஊறிய குருணை அரிசி, உடைந்த மக்காச்சோளம். மருந்துக் குருணை இல்லை; நெடி இல்லை. விஷம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் இதையும் ஈரலையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு துளி எடுத்துத் தனியே வைத்தார். பிறகு நெஞ்செலும்பைத் தூக்கினார். வயிறு முழுக்க உறைந்த ரத்தம். இரண்டு கையிலும் அள்ள வேண்டியிருந்தது.

அதை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். இரைப்பைக்கும் அரைவைப்பைக்கும் நடுவில் இருக்கிற சுரப்பிப் பையை நெடுக அறுத்துப் பிரித்தார். கழிச்சலில் செத்திருந்தால் அதன் உள்சுவரில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். சுத்தமாக இருந்தது. கோழிக் காலராவாக இருந்தால் இதயத்தின் கொழுப்பில் ரத்தப் புள்ளிகளும் ஈரலில் வெள்ளைப் பொட்டுகளும் தெரியும். அதுவும் இல்லை. குடலில் இரண்டு மூன்று வெள்ளைப் புழு இருந்தது. சாகிற அளவுக்கு இல்லை. ஆனால் அரைவைப்பையைச் சுற்றியும் தோலுக்கடியிலும் விரல் தடிமனுக்கு மஞ்சள் கொழுப்பு. கடைசியாக ஈரலைத் தண்ணீரில் அலசி எடுத்தார். அடர்ந்த பழுப்பாக இருக்க வேண்டியது வெளிறிய மஞ்சளாக, வீங்கி இருந்தது. ஓரத்தில் ஒரு கிழிசல். கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். அவித்த பரங்கிக்காய் மாதிரி உடைந்துவிட்டது.

முட்டைக் குழாயின் கடைசியில், இடுவதற்குத் தயாராக, ஓடு கட்டின முழு முட்டை ஒன்று இருந்தது. டாக்டரம்மா அதைக் கழுவி மேசையோரம் வைத்தார்.

"என்ன தீனி போடுறீங்க?" என்றார் அடுத்து.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஐக்மன் ஞாபகம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த டச்சு மருத்துவர் அவர். ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குத் திடீரென்று கால் விழுந்துபோனது. நிற்க முடியாமல் சாய்ந்தன. கிருமி ஏதும் அகப்படவில்லை. கொஞ்ச நாளில் அவை தாமாகவே தேறிவிட்டன. ஏன் என்று விடாமல் விசாரித்ததில் வெளிவந்த செய்தி மிகச் சாதாரணமானது. ஊழியர் ஒருவர் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கிறார். புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்துவிட, பழையபடி தீட்டாத அரிசி போட்டிருக்கிறார்கள். கோழிகள் பிழைத்துக்கொண்டன. அரிசியின் மேல்தவிட்டில் ஏதோ இருக்கிறது என்று அங்கிருந்து பிடித்த நூல்தான் பிறகு தயமின் என்ற வைட்டமின் வரை போனது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு. கோழி ஏன் சாய்ந்தது என்று கேட்டதால் எத்தனை லட்சம் மனிதர்கள் எழுந்து நின்றார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சித்தி தயங்காமல் சொன்னாள்: குருணை, சோளம், சோறு. கேட்கும்போதெல்லாம். அடைத்துத்தான் வைத்திருக்கிறோம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஒரு முட்டையில் 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. அத்தனையும் மஞ்சள் கருவில். அந்தக் கொழுப்பைப் பெரும்பாலும் தயாரிக்கிறது கோழியின் ஈரல். அங்கிருந்து ரத்தம் வழியாகக் கருமுட்டைக்குப் போக வேண்டும். அரிசியும் சோளமுமாகவே தின்கிற கோழிக்கு மாவுச்சத்து மிதமிஞ்சிப் போகிறது. கொழுப்பை ஈரலிலிருந்து ஏற்றி அனுப்பத் தேவையான புரதச் சத்தும் கோலினும் குறைந்துபோகின்றன. ஓடியாடிக் கரைக்கவும் வழியில்லை. கொழுப்பு ஈரலிலேயே தங்கித் தங்கி அது மிருதுவாகிவிடுகிறது. வெயில் காலத்தில், முட்டையிட முக்குகிற நேரத்தில், மேல்தோல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டிவிடும். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கூட்டத்திலேயே கொழுகொழுவென்று, அதிகம் முட்டையிடுகிற கோழிதான் முதலில் போகும். அமெரிக்காவில் 1956இல் கவுச் என்பவர் கூண்டுக் கோழிகளின் ஈரல் இப்படிக் கொழுத்துப்போவதை எடுத்து எழுதினார். இப்போது ஆசையாக நாலு கோழி வளர்க்கிற வீடுகளில்தான் இதை அதிகம் பார்க்கிறோம் என்றார். கடைசியில் தாளில் எழுதினார்: கொழுப்பு ஈரல், ஈரல் கிழிந்து உள் ரத்தப்போக்கு.

சித்தி அந்தத் தாளை வாங்கி மடித்தாள். பிரித்தாள். "அப்ப வெசம் இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டாள். "இல்லம்மா." இன்னொரு தடவை கேட்டாள்.

எனக்கு அந்த நேரம் அப்பத்தா சொன்னது காதில் கேட்டது. சாயங்காலம் பஞ்சாரத்தில் அடைக்கும்போது ஒரு கை கம்புக்கு மேல் ஒருநாளும் போடமாட்டாள். நான் இன்னொரு கை அள்ளினால் தட்டிவிடுவாள். "வயிறு முட்டத் தின்னா நெய் கட்டி முட்டை நின்னுரும். அது கிளறித் திங்கணும்டா." கொல்லையில் கிளறியபோது அவற்றுக்குப் புழுவும் கரையானும் பசும்புல்லும் கிடைத்தன; அவைதான் டாக்டரம்மா சொன்ன புரதமும் மற்றதும். கழிச்சலைத் தடுக்க அப்பத்தாவுக்கு வழி தெரியாது; ஈரலைக் காக்கத் தெரிந்திருந்தது. சித்திக்கு ஊசி தெரிந்தது. ஒரு கை கம்பு வழக்கம் கைமாறி வரவில்லை. நடுவில் ஒரு கூண்டு வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பா மாமா வீட்டுக்குப் போய்த் தாளைக் காட்டி மன்னிப்புக் கேட்டார். மாமா, "சரி விடுப்பா" என்றார். அவர் மனைவி வெளியே வரவில்லை. இப்போது ஆம்பிளைகள் பேசிக்கொள்கிறார்கள். கத்தரிப் பாத்திக்கு இரண்டு வீட்டுச் செலவிலும் வலை கட்டியாயிற்று; மத்தியானத்துக்கு மேல் கோழிகள் வெளியே மேய்கின்றன; கூண்டில் கட்டித் தொங்கவிட்ட அகத்திக் கீரையும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் தின்கின்றன. மற்ற ஒன்பதில் அதற்குப் பிறகு எதுவும் இப்படிச் சாகவில்லை. ஆனால் சித்தி தண்ணீர் பிடிக்க நின்றால் மாமா மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார். மண்ணை வாரித் தூற்றிவிட்டால் எந்தத் தாளும் அதைத் திரும்ப எடுக்காது. இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் அந்த மண் தரையிலேயே இருந்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

கோழி வளர்க்கிற வீட்டாருக்கு ஒன்று சொல்கிறேன். நன்றாக இருந்த கோழி திடீரென்று செத்துக் கிடந்தால் வீசவும் வேண்டாம், குழம்பு வைக்கவும் வேண்டாம். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, இன்னொரு பையில் கட்டி, நிழலில் ஐஸ் சுற்றி வையுங்கள். உறைய வைக்கும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். உறைந்த ஈரலில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ, மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டு போங்கள். கொண்டை நிறம், எச்சத்தின் நிறம், முந்தின நாள் தின்றது, கடைசியாக முட்டையிட்ட நாள் இவற்றைச் சொல்லுங்கள். ஒரே நாளில் பல கோழி செத்தால் எதையும் தொடாமல், மிஞ்சியதை வேறு ஊருக்கு அனுப்பாமல், முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள். பதில் வருகிறவரை அக்கம்பக்கத்தில் யார் பேரையும் எடுக்காதீர்கள்.